சத்தமில்லாமல் ஓர் இறக்கம்

“ஒருத்தனை முழுங்கினது போதாதா? இன்னொருத்தனையும் ஏத்தி விடறியா?”

“நான் ஏத்தி விடல அத்தை. ஓட்டிப் பாருன்னு சொன்னேன். வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஓட்டித்தான் பாப்பாங்க.”

“அந்த இறக்கத்துலயா ஓட்டிப் பாப்பாங்க? ஊர்ல வேற ரோடே இல்லையா?”

“அம்மா, மெதுவாப் பேசுங்கம்மா. கடைக்காரர் பாக்கறார்.”

“பாக்கட்டும்! நீ முதல்ல இறங்குடா. கொம்பு வச்ச சைக்கிள் மேல உக்காந்துகிட்டு எனக்குப் புத்தி சொல்றான்!”

இதைக் கேட்க நான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. என் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் நான் ஜிப் மாற்றுகிறேன், பேண்டுக்கு நீளம் குறைக்கிறேன், பெருத்துப்போனவர்களின் இடுப்பைப் பிரித்துக் கொடுக்கிறேன். அந்தப் பக்கம் டயருக்குக் காற்றடித்தால் என் ஊசி டப்பா நடுங்கும். இருந்தாலும் ஒரு மரியாதைக்கு மிஷினை நிறுத்திவிட்டு, கையில் பாதி பிரித்த பேண்டோடு வாசலுக்கு வந்து நின்றேன். கையில் வேலை இருந்தால் அது வேடிக்கை பார்ப்பதில் சேராது.

கத்தியவர் மாமியார். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று அறிவித்தே ஓய்வு பெற்றவர். மைக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். குரலைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தவன் அவருடைய சின்ன மகன், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாங்கள் சின்னவன் என்போம். பெரியவன் போன வருஷம் போய்விட்டான். இதே இறக்கத்தில், இதே மாதிரி ஒரு சைக்கிளில், கீழே முனையில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் சறுக்கி, எதிர்ச் சுவரில்.

நடுவில் நின்றிருந்தவள் பெரியவனின் மனைவி. ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்குகிறவள். அதாவது, தூங்க வேண்டியவள். ஒரு வருஷமாக அவள் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பைப் பார்த்தால் அந்த வீட்டுக் கட்டிலில் யாரும் தூங்குவதாகத் தெரியவில்லை.

“உனக்கு எதுக்கும்மா இந்தக் கர்மம்?” என்றார் மாமியார். “பஸ்ல போனா ரொட்டி வேக மாட்டேங்குதா?”

“அந்த சைக்கிளை ஆசையா வாங்கிக் குடுத்தது நீங்கதானே அத்தை.”

அது உண்மைதான். மகன் தொந்தி போடுகிறான் என்று மாமியார்தான் அந்த ரேஸ் சைக்கிளை வாங்கிக் கொடுத்தார். ஆனால் உண்மையை இப்படி நடுரோட்டில் வைத்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மாமியாரின் குரல் இறங்கிவிட்டது. “ஆமா. வாங்கிக் குடுத்தேன். அதுக்காக இப்ப நீயும் வாங்கி என்னைப் பழி தீத்துக்கறியா?”

“இல்ல அத்தை. எனக்குத் தெரியணும்.”

“என்ன தெரியணும்?”

“அவர் விழுந்தாரா, இல்ல வேணும்னே போனாரான்னு.”

சைக்கிள் கடைக்குள் ஏதோ இரும்புச் சாமான் தரையில் விழுந்து உருண்டது. கடைக்காரன் ஸ்பேனரைக் கை நழுவ விட்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன். சேர்த்துச் சொல்ல அதில் இடமே இல்லை.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால் பின்சக்கரம் பேசாது. மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருள விட்டால், உள்ளே இருக்கும் ஃப்ரீவீல் கிர்ர்ர் என்று சத்தம் போடும். விலை உயர்ந்த சைக்கிள் என்றால் சத்தமும் கொஞ்சம் திமிராக இருக்கும். பெரியவன் தண்ணீர்த் தொட்டியருகே இறக்கத்தின் உச்சிக்கு வந்ததும் காலை நிறுத்திவிடுவான். அங்கிருந்து கீழே முனைவரைக்கும் கிர்ர்ர். தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டு அடுப்பில் தண்ணீர் வைத்தவர்கள் உண்டு. வீட்டு வாசல் முனை திரும்பினால் வரும்; அவள் படுத்திருக்கும் அறை மட்டும் அந்த இறக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறது. திரையை இழுத்துவிட்டு, பஞ்சைக் காதில் அடைத்துப் படுத்தாலும் அந்தக் கிர்ர்ர் உள்ளே வந்துவிடும்.

அவன் விழுந்த அன்று காலையில் அவள் ஷிப்ட் முடிந்து வந்து அப்போதுதான் கண்ணை மூடியிருக்கிறாள். அவன் சைக்கிளை நடையில் உருட்டிக்கொண்டு போயிருக்கிறான். உருட்டினாலும் அது கத்தும். இவள் படுக்கையிலிருந்தே கத்தியிருக்கிறாள்.

“சத்தமில்லாமப் போய்த் தொலைங்களேன்!”

சாயங்காலம் அவன் திரும்பும் நேரத்தில் அவள் விழித்துத்தான் படுத்திருந்தாள். கோபம் போய்விட்டிருந்தது. கிர்ர்ர் கேட்டதும் எழுந்து ஜன்னலுக்குப் போகலாம் என்று காத்திருந்தாள். கிர்ர்ர் வரவேயில்லை. திரை மட்டும் ஒரு தடவை அசைந்தது. பிறகு முனையிலிருந்து அந்தச் சத்தம்.

“சத்தம் வரலைன்னா மிதிச்சுக்கிட்டே போயிருக்கார்னுதானே அர்த்தம்?” என்றாள். “அந்த இறக்கத்துல, அந்த முனைக்கு, யாராவது மிதிச்சுக்கிட்டே போவாங்களா? தொலைங்கன்னு சொன்னேன். தொலைஞ்சுட்டார்.”

மாமியார் வாயைத் திறந்தார். எந்த அறிவிப்பும் வரவில்லை.

அந்தப் பழைய சைக்கிளைப் பிரித்துப் பார்க்கலாம் என்றால், அது இல்லை. மாமியார் அதைக் கண்ணெதிரே வைத்திருக்க முடியாமல் அந்த வாரமே பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதனால்தான் மருமகள் கடைக்கு வந்து ஒவ்வொரு சைக்கிளாகப் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, காதைக் கிட்டத்தில் கொண்டுபோய்க் கேட்டாள். கனத்தைக் கேட்கவில்லை, கியரைக் கேட்கவில்லை, என்ன நிறத்தில் வரும் என்றுகூடக் கேட்கவில்லை. “இவங்க சைக்கிள் வாங்க வரல, சத்தம் வாங்க வந்திருக்காங்க” என்று நான் எதிர் மருந்துக்கடைப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்திருந்தேன். பிறகு சின்னவனை ஓட்டச் சொல்லிவிட்டு இவள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள். ஒரு தடவை மிதிக்காமல் வா, ஒரு தடவை மிதித்துக்கொண்டு வா, எது முதலில் என்று சொல்லாதே. ஒவ்வொரு தடவையும் அவள் சரியாகச் சொன்னாள். மிதிக்காமல் வந்தால் எந்த சைக்கிளும் சத்தம் போட்டது. பெரியவன் வைத்திருந்த அதே மாடலும் போட்டது.

அன்று மாமியார் சின்னவனைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனார். மருமகள் கடைசியாக ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது கத்தி ஓயும்வரை நின்றுவிட்டுப் போனாள்.

இனி எங்கள் தெருப் பேயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்ற தெருக்களில் பேய் சத்தம் போடும். கதவைத் தட்டும், சலங்கை கட்டும், சிலது பெயர் சொல்லிக் கூப்பிடுமாம். எங்கள் பேய்க்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை. சாயங்காலம், வெயில் சுவரில் ஏறும் நேரத்தில், இறக்கத்து வீடுகளில் காயப்போட்ட துணி மேலிருந்து கீழாக வரிசையாய் அசையும். காற்று என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் முனையில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். அது அந்த நேரத்தில் தலையைத் தூக்கி, இறக்கத்தின் உச்சியைப் பார்த்து, அப்படியே மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, எதிர்ச் சுவர்வரைக்கும் பார்வையைக் கொண்டுபோய், பிறகு தலையைக் கீழே வைத்துவிடும். எவனோ ஒருவன் சைக்கிளில் போவதைப் பார்ப்பதுபோல. குரைக்காது. தெரிந்தவர்களைப் பார்த்து அது குரைப்பதில்லை. மனிதர்களுக்கு யாராவது வந்து சொல்லி வைத்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்; நாயிடம் போய் யார் வதந்தி சொன்னது?

அந்த நேரத்தில் நாங்கள் யாரும் நடுரோட்டில் நடப்பதில்லை. ஓரமாய் ஒதுங்குவோம். ஏன் என்று யாரும் கேட்டுக்கொள்வதும் இல்லை.

சண்டைக்குப் பிறகு கவனிக்க வேண்டியதாய் இருந்தவன் சைக்கிள் கடைக்காரன். அவனுக்குப் பஞ்சர் என்று பெயர். வெளிநாட்டு ரேஸ் சைக்கிள் விற்கிறான், கடை முழுக்கக் கண்ணாடி, சக்கரங்களை மாலை மாதிரி தொங்கவிட்டிருக்கிறான், ஒரு விரலால் தூக்கலாம் என்று ஒவ்வொரு சைக்கிளையும் ஒரு விரலால் தூக்கிக் காட்டுகிறான். என்ன செய்து என்ன? முதன்முதலில் இந்தத் தெருவுக்கு வந்து மரத்தடியில் உட்கார்ந்தது பஞ்சர் ஒட்டத்தான். பெயரும் ஒட்டிக்கொண்டது.

கல்யாணம் ஆகாதவன். மருமகள் கடைப்பக்கம் வந்தால் அவனுக்கு முகம் வெளுக்கும். அவள் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான். சைக்கிள் செயினைப் பார்த்துப் பேசுவான். “எவ்வளவு நாள் வேணும்னாலும் ஓட்டிப் பாருங்க மேடம்” என்பான். எங்கள் வீட்டுப் பையன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கேட்டால் அடையாள அட்டை கேட்பவன்! நாங்கள் இரண்டும் இரண்டும் நான்கு என்று கூட்டிவிட்டோம்.

“ஸ்பேனரைப் போட்டானே, அன்னிக்கே நினைச்சேன்” என்றாள் மருந்துக்கடைப் பெண்.

“ஆனா மாமியார் சம்மதிக்கணுமே.”

“அவங்களுக்கு சைக்கிளே ஆகாது. சைக்கிள் கடைக்காரனா ஆவான்?”

நான் தடுப்புப் பலகையின் இந்தப் பக்கமிருந்து ஒருநாள் நேராகவே கேட்டேன். “என்னப்பா பஞ்சர், உடம்பு இளைச்சுப் போச்சு? பேண்டைப் பிடிச்சுத் தைக்கவா?”

“தூக்கம் இல்லைக்கா.”

“ஏன், மனசுல யாராவது ஓடிக்கிட்டே இருக்காங்களா?”

அந்தப் பக்கம் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டான். பிறகு, “ஓடலக்கா. உருண்டுக்கிட்டே இருக்கு” என்றான்.

அதைக் கேட்டு நான் வெட்கப்பட்டேன் என்றால் பாருங்கள். இவ்வளவு ஆழமான காதலா என்று.

மருமகள் சில வாரங்கள் வரவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் தனியாக வந்தாள். வேலைக்குப் போகும் உடையில், தலையைப் பின்னித் துணியால் கட்டி, பெரியவனின் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு. அதன் கையை நான்தான் அவளுக்காக உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்திருந்தேன்.

“அவர் வச்சிருந்த அதே மாடல். அதைக் குடுங்க. இந்தத் தடவை நானே ஓட்டிப் பாக்கறேன்.”

“நீங்களா மேடம்? உங்களுக்கு இந்த மாதிரி சைக்கிள் பழக்கம்...”

“சைக்கிள் சைக்கிள்தானே.”

சீட்டை இறக்கினான். அளவு தப்பி, மறுபடியும் இறக்கினான். பிரேக் இங்கே, கியர் இங்கே, குனிந்து பிடியுங்கள், ரொம்பக் குனியாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஏறாமல் உருட்டிக்கொண்டே மேலே நடக்க ஆரம்பித்தாள். கிர்ர்ர் கிர்ர்ர் என்று அது கூடவே போயிற்று.

“மேடம், மேல எதுக்குப் போறீங்க? கீழ்ப்பக்கம் சமமா இருக்கு!”

அவள் திரும்பாமலே சொன்னாள். “எந்த இடத்துல மிதிக்கறதை நிறுத்தத் தோணும்னு பாக்கணும். நிறுத்தத் தோணாம இருக்குமான்னும் பாக்கணும்.”

நான் தைத்துக்கொண்டிருந்த பேண்டைக் கீழே போட்டேன். மருந்துக்கடைப் பெண் கடையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். மருமகள் உச்சிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சைக்கிளைத் திருப்பி, ஏறி உட்கார்ந்தாள். வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. முனையில் செவலை நாய் எழுந்து நின்றுவிட்டது. அது எழுந்து நின்று நாங்கள் பார்த்ததில்லை.

அவள் மிதித்தாள். சக்கரம் பேசவில்லை.

அப்போதுதான் பஞ்சர் ஓடினான். கையில் எண்ணெய்த் துணியோடு, ஒரு செருப்பை வழியிலேயே விட்டுவிட்டு, இறக்கத்தில் எதிரேறி ஓடினான். நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று கத்தினான். இதோ சொல்லிவிடப் போகிறான், கல்யாணம்தான் என்று மருந்துக்கடைப் பெண் என் தோளைக் கிள்ளினாள்.

“அக்கா! அக்கா, நிறுத்துங்க! அவர் மிதிக்கலக்கா!”

மேடம் அக்கா ஆன இடத்தில் எங்கள் கதை முடிந்துபோயிற்று. அவள் கதை அங்கேதான் ஆரம்பித்தது.

புது பிரேக், நன்றாகப் பிடித்தது. முன்சக்கரம் அவன் முட்டியில் இடித்து நின்றது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அன்னிக்கு மத்தியானம் வந்தார்க்கா. ‘வீட்ல தூங்கறா, இது பேய் மாதிரி கத்துது, வாயை அடைச்சுக் குடு’ன்னார். அப்படியெல்லாம் செய்யக் கூடாது சார்னு சொன்னேன். ஃப்ரீவீலுக்குள்ள மெல்லிசா எண்ணெய்தான் விடணும். அவர் கேக்கல. ‘அவளுக்கு நான் வந்ததே தெரியக் கூடாது. அதுதான் அவளுக்குத் தெரியணும்’னு சொல்லிச் சிரிச்சார். நான் கெட்டி கிரீஸை உள்ள நிறைச்சு வச்சேன். சத்தமே போச்சு. மிதிச்சாலும் சத்தம் இல்ல, மிதிக்கலைன்னாலும் இல்ல.”

அவள் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

“ஏன் இத்தனை நாளா சொல்லல?”

“கெட்டி கிரீஸ் வச்சா சில நேரம் மிதி வழுக்கும்க்கா. முனையில அவர் திரும்பும்போது மிதிச்சு, அது வழுக்கி... அப்படி ஆச்சோன்னு. மணலா, என் கிரீஸான்னு எனக்குத் தெரியல. நீங்க ஒவ்வொரு சக்கரமாச் சுத்திக் கேட்டப்போ, என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கீங்கன்னு நினைச்சேன். அப்புறம் அன்னிக்கு நீங்க அம்மாகிட்ட சொன்னதைக் கேட்டேன். கேட்டும் வாய் வரல.”

இதற்குள் மாமியார் வந்துவிட்டார். இறக்கத்து வீட்டுக்காரர், ஒன்றும் விடாமல் கேட்டிருந்தார். பஞ்சரை அடிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் அவனுடைய ஒற்றைச் செருப்பை எடுத்து வந்து, அவன் காலருகே போட்டார்.

“கிரீஸா மணலான்னு யாருக்கும் தெரியாது. அதை நீயே வச்சுக்கோ. எனக்கும் வச்சுக்க ஒண்ணு இருக்கு” என்றார். பிறகு மருமகளைப் பார்த்தார். “வா.”

“இல்ல அத்தை. செஞ்சு காட்டச் சொல்லுங்க.”

“என்னது?”

“அதே மாடல், அதே கிரீஸ். நான் படுத்துக் கேக்கணும்.”

கடைக்குப் போனார்கள். பஞ்சர் பின்சக்கரத்தைக் கழற்றி, நடுவிலிருக்கும் பாகத்தைப் பிரித்து, துடைத்து வைத்தான். அலமாரியின் அடியில், பழைய டியூபுகளுக்குப் பின்னால் இருந்து ஒரு டப்பாவை எடுத்தான். அன்றைக்குப் பிறகு அதை அவன் திறக்கவே இல்லையாம், மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஐஸ்கிரீம் குச்சியால் வழித்து உள்ளே நிறைத்தான். பூட்டிச் சுற்றிவிட்டான். சற்று முன்பு தெருவைக் கூட்டிய அதே சக்கரம், ஊமையாகச் சுற்றியது. தொங்கிக்கொண்டிருந்த மற்ற சக்கரங்களில் ஒன்றிரண்டும் தானாக அரைச் சுற்றுச் சுற்றி நின்றன. வாசல் காற்று என்று பஞ்சர் சொன்னான். வாசல் கதவு மூடியிருந்தது.

சின்னவனை ஓட்டவிட மாமியார் ஒப்பவில்லை. “நீ வச்ச கிரீஸ், நீயே ஓட்டு” என்றார் பஞ்சரிடம். அவன் அந்த விபத்துக்குப் பிறகு இறக்கத்தில் சைக்கிள் விட்டவனே இல்லை. தலையாட்டினான். சின்னவன் துணைக்கு உச்சிவரை போவான், பஞ்சர் மிதிக்காமல் உருண்டு வருவான், முனைக்கு வந்ததும் பக்கத்திலிருக்கும் என் கடை ஷட்டரைத் தட்டுவான். அதுதான் அடையாளம்.

நான் மேலே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அறைத் திரையின் கீழ்மடிப்பை நான்தான் தைத்தேன். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

சின்ன அறை. ஒரு கட்டில், சுவரோரம் சீருடை மாட்டிய கொக்கி, எங்கும் லேசாகப் புளித்த மாவு வாசனை. நடையில் சைக்கிள் சாய்ந்திருந்த இடத்தில் ஒரு கருப்புக் கோடு. மருமகள் திரையை இழுத்துவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். மாமியார் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தார். நான் ஜன்னலோரம் குந்தி மடிப்பைப் பிடித்துக்கொண்டேன். கீழ்விளிம்புக்கும் ஜன்னல் கட்டைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதில் தெரிந்தது முனையும், நாயும் மட்டும்.

காத்திருந்தோம். எங்கோ ஒரு குழாய் சொட்டியது.

திரை என் கைக்குள் மெதுவாக உப்பியது. யாரோ அந்தப் பக்கமிருந்து மூச்சு விட்டதுபோல. பிறகு அடங்கியது. கீழே நாய் தலையைத் தூக்கி உச்சியைப் பார்த்தது. கழுத்து மெதுவாகத் திரும்பிற்று. என் இடைவெளியில் சாலை காலியாகத்தான் இருந்தது. ஆனால் இமைக்கும் நேரத்தில் ஒருவன் போயிருக்கலாம். ஒரு சத்தமும் இல்லை. டயர் தரையில் உரசும் சத்தம்கூட இல்லை.

“போயிட்டார்” என்றாள் மருமகள், சுவரைப் பார்த்தபடி.

“ஆமா. போயிட்டான்” என்றார் மாமியார்.

நான் ஷட்டர் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தேன். வரவில்லை.

கட்டிலில் கிடந்த போன் அடித்தது. மாமியார் எடுத்து, தவறி ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். சின்னவன் குரல்.

“அம்மா, அண்ணியைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க. பஞ்சர் அண்ணனுக்குக் கால் நடுங்குது. தண்ணி குடிக்கறார். இன்னும் கிளம்பவே இல்ல.”

மாமியார் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். திரையின் மடிப்பை விட்டுவிட்டேன்.

மருமகள் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார்.

“சத்தமில்லாமன்னு நான் சொன்னது கேட்டுச்சாம் அத்தை அவருக்கு” என்றாள். “கேட்டுத்தான் செஞ்சிருக்கார்.”

பஞ்சர் பிறகு வந்தான். எப்போது வந்தான் என்று எங்களுக்குத் தெரியாது. அவனும் சத்தமில்லாமல்தான் வந்தான். ஆனால் அந்தத் தடவை திரை அசையவில்லை, நாயும் தலை தூக்கவில்லை. திடீரென்று என் ஷட்டரைத் தடதடவென்று இடித்தான். பிணமே எழுந்து உட்காரும் அளவுக்குச் சத்தம். நான் துள்ளிவிட்டேன்.

மருமகள் எழவில்லை. மாமியார் குனிந்து பார்த்தார். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்து, வெளியே போ என்று கதவைக் காட்டினார். அந்த அம்மாள் சத்தமில்லாமல் ஒன்றைச் சொன்னது அன்றுதான்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் வாங்கத்தான் வாங்கினாள், ஆனால் அந்த மாடல் இல்லை. மாமியார் கூடவே போய்ச் சக்கரம் சக்கரமாகச் சுற்றி, “இது பத்தாது, இன்னும் சத்தமா இல்லையா?” என்று கேட்டுத் தேர்ந்தெடுத்தார். அதை ஓட்டினால் பக்கத்துத் தெரு நாய்கள் குரைத்தன. எங்கள் செவலை மட்டும் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நாளில் தொழிற்சாலை வேறு ஊரில் புதிதாய் ஒன்று திறந்தது. மருமகள் அங்கே மாற்றல் வாங்கிக்கொண்டாள். மாமியார் பெற்ற மகனை விட்டுவிட்டு அவளோடு போனார். சின்னவனுக்குச் சாப்பாட்டுக்கு என்ன கவலை, அவன்தான் மருந்துக்கடைப் பெண்ணைக் கட்டிக்கொண்டானே. என் தோளைக் கிள்ளிக்கொண்டே இருந்தவள், எனக்கே தெரியாமல்! பஞ்சர் எனக்குப் பட்டன் கொண்டுவந்து தரும் பெண்ணைக் கட்டினான். சந்தோஷமாகத்தான் இருக்கிறான் என்கிறார்கள். யார் வந்து சத்தத்தைக் குறைத்துத் தரச் சொன்னாலும் வெளியே போகச் சொல்லிவிடுகிறான்.

அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு தம்பதி குடிவந்திருக்கிறார்கள். அவர்களும் ராத்திரி வேலைக்காரர்கள். “உங்க தெரு எவ்வளவு அமைதி, ஒரு சத்தமே இல்லையே” என்று என்னிடம் சந்தோஷப்பட்டார்கள். ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துக் கொடுத்தேன், ஏனென்றால் மருமகள் மற்ற சாமான்களில் பாதியை விட்டுவிட்டு, அந்தப் பழைய திரையை மட்டும் மடித்துக் கையோடு எடுத்துப்போய்விட்டாள். புதுத் திரை அசைகிறதா என்று போய்ப் பார்த்தேன். அசையவில்லை. நாயும் இப்போது சாயங்காலங்களில் தூங்குகிறது.

போன வாரம் மாமியாரிடம் போனில் பேசினேன். பத்தாவது மாடியாம், ஜன்னலுக்குக் கீழே சாலையே இல்லையாம். அந்தத் திரையை மாட்டிவிட்டீர்களா என்று கேட்டேன்.

“மாட்டியாச்சு.”

“அங்கயும்...?”

“உனக்கு வேற வேலையே இல்லையா?” என்றார். பேருந்து நிலையக் குரல், காதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். பிறகு அந்தக் குரல் இறங்கியது.

“அவ நல்லாத் தூங்கறா. சத்தமில்லாமத்தான் வர்றான்.”